கொடைக்கானலில் ஒளிப்படத்துக்கு இடம் தேடி

கொடைக்கானலுக்கு வருகிற எவர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, தூண் பாறைகள், குணா குகை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு. வாடகை வண்டி ஓட்டுநரிடமும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஒரு நாளுக்கு இத்தனை இடம் என்று விலை பேசுவார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அதில் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். ஒரு சிற்றூருக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும்போது இப்படித்தான் நடக்கும் போலும். ஆனால் இந்தப் பட்டியலை நம்பிப் படமெடுக்கப் போகிறவர் வெள்ளை மேகத்தின் முன் நிற்கும் சுற்றத்தாரின் படங்களுடன்தான் பெரும்பாலும் திரும்ப நேரும்.

நாங்கள் மூவரும் கீழே சமவெளியில் ஒரே கல்லூரியில் பணியாற்றுகிறவர்கள். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு இயற்பியல், ஒருவருக்குத் தாவரவியல். ஓய்வறையில் எங்களை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. துறையின் பெயரே பெயர். 2017 முதல் மாதத்தில் ஒரு வெள்ளி இரவேனும் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, ஞாயிறு மாலை இறங்குவது வழக்கமாகிவிட்டது. எங்களிடம் இருப்பவை பழைய கருவிகள், ஒரே ஒரு முக்காலி. (அந்த முக்காலியை யார் சுமப்பது என்பதில் மட்டும் இன்றுவரை ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.)

நல்ல இடம் எது என்ற கேள்வியை நாங்கள் வெகுநாள் இடத்தை மட்டும் வைத்தே கேட்டுக்கொண்டிருந்தோம். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். குறிஞ்சிக்கு நிலம் மலையும் மலைசார்ந்த இடமும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்பதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கொடைக்கானல் கூட்டத்தால் நிரம்பி வழிவதோ சித்திரை வைகாசியில். இலக்கணம் சொன்ன மாதங்களில் போய்ப் பார்த்தபோதுதான், அது வெறும் பாட்டு மரபு என்று கடந்துபோகக் கூடியதன்று, மலையைப் பார்த்தவர் எழுதியது என்பது எங்களுக்கு உறைத்தது. (குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ஏரியைச் சுற்றி மிதிவண்டியில் போகும் புதுமண இணையர் அந்த மரபையும் குறையின்றிக் காத்துவருகின்றனர் என்பது இயற்பியலாரின் கருத்து.)

ஒளியைப் பற்றி இயற்பியலார் சொன்ன விளக்கம் எங்கள் பயணங்களையே மாற்றியது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் இருக்கிறது. பாகைக் கணக்கில் அது வெப்ப மண்டலம்தான். ஏழாயிரம் அடி உயரம் அதைத் துணை வெப்ப மண்டல மலையூராக ஆக்கிவிட்டது. குளிர் அடிக்கிறதே என்று ஒளியும் குளிர்நாட்டு ஒளியாக இருக்கும் என எண்ணிவிடக் கூடாது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். முகத்தில் கண்குழி மட்டும் கறுப்பாகத் தெரியும் ஒளி அது. மேலை நாட்டுப் புத்தகங்கள் பொன்வெயில் நேரம் என்று ஒரு நீண்ட மாலையைப் பேசும். இங்கே ஞாயிறு செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பொன்வெயில் அரைமணி கூடத் தேறாது. மார்கழியிலும் தையிலும் கதிர் தெற்கே சாய்வதால் நாள் முழுதும் நிழலுக்கு நீளம் கிடைக்கிறது. சித்திரைப் பயணி நாள் முழுக்கத் தேடியும் காணாத ஒளி, மார்கழியில் முற்பகல் பத்து மணிக்கும் மீதம் இருக்கும்.

அடுத்தது மேகம். காலையில் வெயில் பட்டுப் பள்ளத்தாக்கின் காற்று சூடேறிச் சரிவில் மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகும். ஆகவேதான் தெற்குச் சரிவைப் பார்த்து நிற்கும் தூண் பாறைகள் பல நாள்களில் முற்பகலுக்குள் மறைந்துவிடுகின்றன. நானூறு அடி உயரமுள்ள கற்றூண்கள் நம் எதிரே நின்றபடியே இல்லாமல் போகும். பொறுமை உள்ளவர்க்குத் திரை சில நொடி விலகும். அதற்குள் மற்றவர்கள் வண்டியேறியிருப்பர். கோக்கர்ஸ் வாக்கில் காத்திருப்பவர்க்கு வேறொரு பரிசு உண்டு. ஞாயிறு முதுகுப் பக்கம் தாழ்ந்திருந்து, எதிரே கீழே மேகம் நிறைந்திருந்தால், நம் நிழல் அந்த மேகத்தில் விழும். தலையைச் சுற்றி ஒரு சிறு வானவில் வளையம் தோன்றும். புரோக்கன் நிழல் என்பது அதன் பெயர். பக்கத்தில் இருவர் நின்றாலும் அவரவர்க்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். இத்தனை ஆண்டுகளில் இருமுறைதான் கண்டோம், அதிலும் ஒருமுறை மின்கலம் தீர்ந்திருந்தது.

மேகத்தில் படமெடுப்போர்க்கு இரண்டு குறிப்புகள். கருவியின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் என்றே கருதி அளக்கும். வெண்மூடுபனியை அதன் போக்கில் விட்டால் அழுக்குத் துணிபோலப் பதியும்; ஒரு படி கூடுதலாக ஒளி கொடுத்தால்தான் வெண்மை வெண்மையாகும். மற்றது, குளிரில் கிடந்த கருவியை அப்படியே கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். ஈரம் பையின்மேல் படியும், வில்லையில் படியாது.

ஏரி பட்டியலில் உள்ள இடம்தானே என்று நாங்களும் ஒதுக்கியதுண்டு. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு கரை கட்டி உருவாக்கிய ஏரி அது, இயற்கை ஏரியன்று. தை மாதத்தில் விடியுமுன் அங்கே போகவேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டில் உள்ள தெருக்களைவிட ஏரிக்கரைப் புல்லில்தான் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. நீரின்மேல் ஆவி. படகுகள் கட்டிக் கிடக்கும். வெயில் புல்லைத் தொட்ட சில நிமிடங்களில் வெள்ளை போய்விடும். எட்டு மணிக்குச் சோளம் சுடுகிறவர்கள் அடுப்பு மூட்டும்போது அது நாம் அறிந்த ஏரியாக மாறியிருக்கும்.

எங்களை மிகவும் வசப்படுத்திய இடம் எந்தச் சுற்றுலாப் படத்திலும் முன்னிற்காத ஒன்று. ஊருக்கு மேலே, 2,343 மீட்டர் உயரத்தில், சூரிய ஆய்வகம். 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குப் பின், மழைக்கும் ஞாயிற்றுக்கும் தொடர்புண்டா என அறியும் ஆவல் வலுப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1899இல் இந்த ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். அவர் பெயராலேயே அந்த விளைவு உலகெங்கும் அறியப்படுகிறது. இவை பாடப் புத்தகச் செய்திகள். எங்களை நிறுத்திவைத்தது வேறு. 1904 முதல், வானம் திறந்த நாள்களில் எல்லாம், இங்கே ஞாயிற்றைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளில், பின் படச்சுருளில், இப்போது எண்முறையில். தரை சூடேறிக் காற்று கலங்குமுன் காலையில் எடுக்கிறார்கள். ஒரே மேடு, ஒரே பொருள், நூற்றாண்டு கடந்த காலைகள். பஞ்சம் எழுப்பிய கேள்விக்கு வேண்டிய விடை கிடைத்ததோ இல்லையோ, அந்தத் தகடுகள் ஞாயிற்றின் நீண்ட வரலாறாக நிற்கின்றன. ஒரு நல்ல ஒளிப்பட இடம் என்றால் எதைச் சொல்வது என்று அந்த மேட்டில் நின்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். அங்கே எடுத்த எங்கள் படங்கள் மிகச் சாதாரணமானவை.

சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினொரு ஆண்டுச் சுற்றில் கூடிக் குறைகின்றன; குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. இந்த ஓர் ஆண்டு வேறுபாட்டைக் கொண்டு இயற்பியலும் தாவரவியலும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது எங்கள் மலைப்பாதையின் நிரந்தரக் கேளிக்கை.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஈழத்து அறிஞர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவராகவே வாழ்ந்த லீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பிய கோயில் அது. மழை கழுவிய காலையில் அங்கிருந்து வடக்கே பழனியைக் காணலாம். மலைச்சாலையிலிருந்து தெரியும் தலையாற்று அருவியும் மழைக்குப் பின்தான் அருவி. கோடையில் பாறைமேல் ஒரு வெண்கோடு, அவ்வளவே.

இனி மனத்தாங்கலான ஒன்று. பைன் காட்டில் நாங்கள் படமெடுப்பதில்லை. அங்கே எடுப்பது எளிது: நேர் நேராக மரங்கள், இடையிடையே ஒளிக்கற்றை, கீழே ஊசியிலை மெத்தை. எந்தக் கருவியும் அழகாகப் பதிந்துவிடும். முதல்முறை போனபோது தாவரவியலார் குனிந்து அந்த மெத்தையைக் கிளறிக் காட்டினார். அடியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் முளைக்கவில்லை. பழனி மலையின் மேல்தளம் ஒருகாலத்தில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருந்தது. புல்வெளியை வெற்றுநிலம் என்று கருதி வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் நட்டார்கள். வாட்டில் பின்னர் யாரும் நடாமலே பரவியது. புல்வெளியின் பெரும்பகுதி போயிற்று. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் கசியவிடும் நிலம் அது. அது போனால் ஓடையும் மெலியும், கீழே எங்கள் ஊர்க் கிணறும் அறியும். வாட்டில் மஞ்சளாகப் பூக்கும் காலத்தில் மலையே பொன்னாகத் தெரியும். அதைப் படமெடுத்துப் பாராட்டுப் பெறுவதில் எங்களுக்கு ஒரு கூச்சம் ஏற்பட்டுவிட்டது. அழகை வேவு பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கலாம். நாங்கள் கண்டதைக் காணாதவர்களாக ஆகிவிட முடியவில்லை.

எஞ்சிய புல்வெளிகளில் ஒரு சரிவு எங்களுக்குத் தெரியும். பூம்பாறைக்கும் அப்பால், காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே, பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கால்பந்துத் திடல் அளவு இருக்கும். 2018இல் அங்கே குறிஞ்சி பூத்தது. எட்ட நின்று பார்த்தால் நீலப் புகை. அருகே போனால் தேனீக்களின் இரைச்சல். தாவரவியலார் அன்று கருவியைக் கையில் எடுக்கவே இல்லை. அடுத்த பூப்பு 2030. அந்தப் படங்களை நாங்கள் துறைக் கண்காட்சியில் வைத்தோம். இடத்தின் பெயரை எழுதவில்லை. இக்காலக் கருவிகள் படத்துக்குள்ளேயே இடத்தின் பாகைக் குறிப்பைப் பதிந்துவிடுகின்றன என்பதால், யாருக்கு அனுப்பினாலும் இயற்பியலார் அதை அழித்துவிட்டே அனுப்புவார்.

காரணம் உண்டு. 1991இல் வந்த குணா திரைப்படத்தால் பெயர் பெற்ற குகைப் பக்கம், 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தபின் கூடிய கூட்டத்தை எங்கள் கண்ணால் கண்டோம். பாறை தாங்கும், புல் தாங்காது. வண்டிப் பெருக்கம் நீதிமன்றம்வரை போய், 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. வரையறுத்த எண்ணே நாலாயிரம் என்றால் வரையறை இல்லாத நாள்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் கண்காட்சிப் படத்தின் முன் ஒரு மாணவர் நெடுநேரம் நின்றார். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. மேல்மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், பூண்டு பயிரிடும் குடும்பம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கிடைப்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஆகவே விடுமுறையில் மாமாவின் ஜீப்பைச் சுற்றுலாவுக்கு ஓட்டுவார். தயங்காமல் கேட்டார்: "ஐயா, இந்த எடம் எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்கய்யா. பூக்குறப்ப ஆளுகளக் கூட்டிட்டுப் போகலாம்."

சொல்வதற்கில்லை என்றோம். அகப்பாடலில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக் கூடாது என்று படித்தோமே, அதுபோல் இதையும் பெயர் சுட்டாத இடமாக வைத்திருக்கிறோம் என்று வகுப்பறைத் தொனியில் ஒரு விளக்கமும் கொடுத்தோம். அவர் சற்று யோசித்தார். "ஆள் பேருதானய்யா சொல்ல மாட்டாங்க. தொண்டி, கொற்கைன்னு ஊர்ப் பேரெல்லாம் அகப்பாட்டுல வருதே?"

வருகிறதுதான். உவமையாகவும் அடையாகவும் ஊரும் மலையும் பெயரோடு வந்துகொண்டே இருக்கின்றன. இருபதாண்டுக் காலம் பாடம் நடத்தியதற்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும் என்று தமிழின் பக்கம் மகிழ்ந்துகொண்டிருக்க, தாவரவியலார் முகம் கடுத்திருந்தது. அவர் வண்டிகளையும் நெகிழிப் பைகளையும் பற்றிச் சொன்னார். வேரோடு பிடுங்கிச் சீருந்தின் முகப்பில் சொருகிக்கொண்டு போனவர்களை 2018இல் பார்த்ததைச் சொன்னார். மாணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பணிவாகவே சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா நீங்க மாசாமாசம் வந்து எடுக்குறீங்க. அத வச்சு நாங்க பொழைக்கக் கூடாதுன்னா எப்படி சார்?"

எங்களிடம் விடை இருக்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் மூவரும் மூன்று விதமாகப் பேசினோம். இடத்தை ஒளித்துவைப்பது காப்பதா, அல்லது வெளியூர்க்காரர் மூவர் தமக்கென எடுத்து வைத்துக்கொள்வதா? சமவெளியில் மாதச் சம்பளம் வாங்குவோர் மலையின் அமைதியைப் பற்றிப் பேசுவது எளிது. ஒருமுறை வெளியே தெரிந்தால் திரும்ப மறைக்க முடியாது என்பதும் மெய். இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

அடுத்த மாதம் மாணவரே வந்து விவாதத்தை வேறு பக்கம் திருப்பினார். படத்தில் மேற்கே தெரிந்த முகட்டுப் பாறையைத் தம் தாத்தாவிடம் காட்டினாராம். அது அவர் மாடு மேய்த்த இடம். அந்தப் பாறைக்கு ஒரு பெயரும் இருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்ததாக எண்ணியிருந்த இடம் ஒரு வீட்டின் பேச்சில் அறுபது ஆண்டாக இருந்திருக்கிறது. 2030இல் ஜீப்பை அடிவாரத்திலேயே நிறுத்தி, பத்துப் பத்துப் பேராக நடத்திக் கூட்டிப்போவதாக இருக்கிறார். பத்து என்பது இருபதாகாது என்பதற்கு அவரும் உறுதி தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தாவரவியலார் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, ஒரு தாளை எடுத்துச் சரிவை வரைந்தார். எங்கே பாறை, எங்கே சேறு, எந்த வரிசைக்கு மேல் கால் வைத்தால் நாற்று மடியும் என்று குறித்துக் கொடுத்தார். மாணவர் அதில் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார்.

இப்போது எங்களுக்கு இடம் காட்டுகிறவர் அவர். சென்ற மார்கழியில் அவர் எடுத்த ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அவருடைய ஊர்தான். படிப்படியாகப் பூண்டு வயல்கள், நடுவே தகரக் கூரைகள், கூரைதோறும் அடுப்புப் புகை. அத்தனை வீட்டுப் புகையும் ஒரே உயரம்வரை ஏறி அங்கே மட்டம் பிடித்தாற்போலப் படுத்துக் கிடக்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே சற்று வெதுவெதுப்பான காற்று, அந்த எல்லையைத் தாண்டிப் புகை ஏறாது என்று இயற்பியலார் விளக்கினார். புகைப்படம் என்ற சொல்லை ஆண்டுக்கணக்காகக் குறைகூறி, ஒளிப்படம் என்றே எழுதவேண்டும் என மாணவர்களைத் திருத்திவந்த எங்களுக்கு, இதை என்னவென்று சொல்வது எனத் தெரியவில்லை.

எங்கிருந்து எடுத்தது என்று கேட்டோம்.

"எங்க வீட்டு மொட்டமாடிதான்யா. வர்றதுன்னா ஆறு மணிக்கு முன்னாடியே வந்துருங்க. ஏழு மணிக்கு வெயிலு உள்ள விழுந்துரும், அப்புறம் பொக கலஞ்சிரும். அந்த முக்காலியையும் கொண்டாங்க, நானே தூக்கிக்கிறேன்."